தனியே வேட்டைக்குப் போகிறவருக்கு: ஒற்றைக் கையால் செய்யும் முதலுதவி

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாலை, ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டனுக்கு வடக்கே ஒரு சரிவில் முழங்காலிட்டு, சுட்ட மானின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் ஏறக்குறையப் போய்விட்டது. நெஞ்செலும்புக்குக் கீழே கத்தி சிக்கியது. பலமாக இழுத்தேன். வழுக்கி வந்த கத்தி என் இடது உள்ளங்கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. உடனே வலிக்கவில்லை. மானின் குருதியும் என் குருதியும் கையில் ஒன்றாய்க் கலந்திருந்ததால் வெட்டு எவ்வளவு ஆழம் என்றும் தெரியவில்லை.

முதலுதவிப் பை என்னிடம் இருந்தது. இருநூறு மீற்றர் தள்ளி, பரணுக்குக் கீழே, முதுகுப்பையின் அடியில், மாற்றுடுப்புக்கும் சோற்றுப் பெட்டிக்கும் கீழே இருந்தது. காயப்பட்ட கையை மார்போடு அணைத்தபடி அங்கே போய்ச் சேர்ந்தேன். கோஸ் துணி இருந்த பிளாஸ்ரிக் உறை ஈரக் கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கிழிக்க முடியவில்லை. பல்லால் கடித்தேன். உறை கிழிந்த வேகத்தில் கோஸ் துணி பறந்து போய் ஈரச் சருகில் விழுந்தது. இரண்டாவது உறையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடித்துத்தான் திறக்க முடிந்தது.

ஏழு தையலோடு தப்பினேன். ஆனால் அன்றிரவு வைத்தியசாலைக் கதிரையில் இருந்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் பையைக் கட்டியவர் இரண்டு கைகளும் நன்றாயிருக்கும் ஒருவர், பக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவுவதை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார். தனியே போகிறவருக்கு அந்த இன்னொருவர் இல்லை. காயப்பட்டவரும் வைத்தியம் பார்ப்பவரும் ஒரே ஆள். அவரிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு கை. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாவற்றையும் அந்த ஒரு கையை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

இது ஒன்ராறியோவில் உரிமத்தோடு மான், மூஸ் என்னும் பெரிய மான்வகை வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்காக எழுதியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அங்கிருக்கும் வாசகர்கள் மலையேற்றத்துக்கோ காட்டு நடைக்கோ பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வேட்டைப் பாடத்தை முடித்து உரிமம் எடுத்த முதல் பருவத்திலேயே தனியே போகாதீர்கள். ஒரு பருவமாவது அனுபவமுள்ள ஒருவரோடு போய், ஒரு மானையாவது இரண்டு பேராகக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து பாருங்கள். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரை கூடுதல் பயன் தரும்.

புதிதாகப் போகிறவர்கள் முதலில் கேட்பது கரடியைப் பற்றித்தான். நான் பயப்படச் சொல்வது வேறு நான்குக்கு: கத்தி, பரண், குளிர், நெஞ்சு.

காட்டுக்குப் போகும் முன்: வீட்டில் விட்டுச்செல்லும் தாள்

முதலுதவி வீட்டு மேசையில் தொடங்குகிறது. ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். காரை எங்கே நிறுத்துகிறீர்கள், வரைபடப் புள்ளி எண்களோடு. காரின் நிறமும் இலக்கத்தகடும். பரண் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில். எத்தனை மணிக்குத் திரும்பி அழைப்பீர்கள். அந்த அழைப்பு வராவிட்டால் எத்தனை மணிக்குப் பொலிஸை அழைக்க வேண்டும்.

கடைசி இரண்டும் வெவ்வேறு நேரங்கள். 'ஏழு மணிக்கு அழைப்பேன், ஒன்பது மணிவரை அழைக்காவிட்டால் 911ஐ அழை' என்று எழுதுங்கள். ஒன்ராறியோவில் காட்டில் காணாமற்போனவரைத் தேடும் பொறுப்பு மாகாணப் பொலிஸுடையது. இருபத்துநான்கு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. வீட்டில் இருப்பவருக்கு ஆங்கிலம் தடுமாறினால், எடுத்தவுடன் 'தமிழ்' என்ற சொல்லைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லிப் பழக்குங்கள். அம்மாவோ மனைவியோ கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வந்துவிடுவார்' என்று தயங்கும் ஒரு மணிநேரம் பெரிய நேரம். அந்தத் தயக்கத்தைத் தாளில் எழுதிய நேரம் முறித்துவிடும்.

இன்னொரு சிறு அட்டையை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள்: பெயர், வயது, நோய்கள், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண். அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்களைக் கண்டெடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது.

கூப்பிடும் வழி

ஹாலிபர்ட்டன், பாங்கிராஃப்ட் பக்கத்துக் காடுகளில் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் சமிக்ஞை மேட்டில் கிடைக்கும், பள்ளத்தில் போய்விடும். நீங்கள் விழுவது பெரும்பாலும் பள்ளத்தில். ஆகவே செய்மதி வழியாகப் பேசும் ஒரு கருவி வேண்டும். மூன்று வகை இருக்கின்றன. கார்மின் இன்றீச், ஸோலியோ போன்றவை இருவழிச் செய்தி அனுப்புபவை. மாதச் சந்தா உண்டு. தனியாள் அவசரக் கலங்கரை எனப்படும் கருவி 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் உதவிக்குறி மட்டும் அனுப்பும். சந்தா இல்லை, ஆனால் வாங்கியவுடன் கனடாவின் பதிவேட்டில் உங்கள் பெயரில் பதிய வேண்டும். மூன்றாவது, ஐபோன் 14 முதல் வந்த கைத்தொலைபேசிகளில் உள்ள செய்மதி அவசரச் செய்தி வசதி.

என் விருப்பம் இருவழிக் கருவி. 'காலில் முறிவு, குருதி நின்றுவிட்டது, குளிர்கிறது, நீரிழிவு உண்டு' என்று சொல்ல முடிவதும், 'புறப்பட்டுவிட்டார்கள்' என்று பதில் வருவதும் தனியே கிடக்கும் மனிதருக்குப் பெரிய மருந்து. ஐபோனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குளிரில் அதன் பற்றரி சட்டென்று இறங்கிவிடும். எந்தக் கருவியானாலும் திறந்த வானம் தேவை. அடர்ந்த ஊசியிலை மரங்களுக்குக் கீழே செய்தி போக நேரம் எடுக்கும்.

கருவியை முதுகுப்பையில் போடாதீர்கள். மார்புப் பட்டியில் கொளுவுங்கள். பரணிலிருந்து விழுந்தவருக்கு மேலே கிளையில் தொங்கும் பையால் ஒரு பயனும் இல்லை.

911ஐப் பற்றி ஒரு வார்த்தை. அழைப்புப் போகாத இடத்தில் எழுத்துச் செய்தி சில வேளைகளில் போய்விடும். ஆனால் கனடாவில் 911க்கு எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி, முன்பே பதிவு செய்துகொண்ட, செவிப்புலன் அல்லது பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. மற்றவர்கள் வீட்டுக்குச் செய்தி அனுப்பி, வீட்டிலிருந்து 911ஐ அழைக்க வைக்க வேண்டும். மின்சாரக் கருவி எதுவும் கைகொடுக்காவிட்டால் விசில். மூன்று முறை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று. தொண்டை ஒரு மணிநேரத்தில் அடைத்துவிடும், விசில் அடைக்காது.

உடம்பில் இருக்க வேண்டியவை

கடையில் விற்கும் நூறு பொருள் பெட்டியை வாங்காதீர்கள். அதில் பாதி ஒட்டுப் பிளாஸ்ரர். சில பொருட்கள் போதும், ஆனால் அவை உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். வலது கைக்கும் இடது கைக்கும் எட்ட வேண்டும். நான் இடுப்பின் முன்பக்கம், தொப்புளுக்கு நேரே ஒரு சிறு பையை மாட்டுகிறேன். அதில் உள்ளவை: ரூர்னிக்கே என்னும் குருதி நிறுத்தும் இறுக்குப் பட்டி இரண்டு, குருதியை உறைய வைக்கும் மருந்து பூசிய கோஸ் துணி ஒரு பொதி, அழுத்தக் கட்டு ஒன்று, மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல், அழியாத மை பேனா, விசில். மேல்சட்டையின் உட்பையில் அஸ்பிரின், என் வழக்கமான மருந்துகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, சர்க்கரை மாத்திரைகள், தீப்பெட்டி.

உறைகளைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொன்னேன். உள்ளே காற்றுப் புகாத உறையைக் கிழிக்காமல், வெளி உறையை மட்டும் நீக்கி, கிழிக்கும் பள்ளத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு ஒட்டுநாடாத் துண்டை வாலாக ஒட்டி வையுங்கள். இருட்டில், ஈரக் கையில், அந்த வாலைப் பல்லால் பிடித்து இழுத்தால் திறந்துகொள்ளும். இறுக்குப் பட்டியின் பிளாஸ்ரிக் உறையை வீட்டிலேயே கழற்றிவிட்டு, கை நுழையும் அளவு வளையமாக விரித்து மடித்து வையுங்கள்.

இறுக்குப் பட்டியை மலிவாக இணையத்தில் வாங்காதீர்கள். பெயர் பெற்ற சி.ஏ.ரி. வகையின் போலிகள் ஏராளம். முறுக்கும் கோல் பாதி வழியில் உடையும். மருத்துவப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். பயிற்சியில் திரும்பத் திரும்ப இறுக்கியதைக் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

குருதி ஓடும்போது: முதல் இரண்டு நிமிடம்

வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி. தொடையின் பெருநாடி வெட்டுப்பட்டால் சில நிமிடங்களே கிடைக்கும். அம்பு முனையின் பிளேடுகள் சவரக்கத்தியின் கூர்மை உடையவை. வில் வேட்டைக்குப் போகிறவர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கட்டும்.

முதலில் உட்காருங்கள். ஓட வேண்டாம், காரை நோக்கி நடக்கவும் வேண்டாம். துவக்கின் குண்டை நீக்கி அல்லது அதைப் பாதுகாப்பாகத் தள்ளி வைத்துவிட்டு, காயத்தைப் பாருங்கள். குருதி பீறிட்டுப் பாய்கிறதா? உடுப்பு நனைந்து நிலத்தில் தேங்குகிறதா? கையிலோ காலிலோ இப்படி இருந்தால் யோசிக்காமல் இறுக்குப் பட்டி. இல்லையென்றால் கோஸ் துணியை வைத்து நேராக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கியதைப் பிய்க்கிறீர்கள். கை சோர்ந்தால் காயத்தை நிலத்திலோ முழங்காலிலோ வைத்து உடல் எடையால் அழுத்துங்கள்.

இறுக்குப் பட்டியைப் போடும் முறை இது. காயத்துக்கு மேலே, உடல் பக்கமாக, ஐந்திலிருந்து ஏழு சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முழங்கால், முழங்கை மூட்டுகளின் மேல் வைக்காதீர்கள். தடித்த உடுப்புக்குள் காயம் எங்கே என்று தெரியாவிட்டால் தேடி நேரத்தை வீணாக்காமல், தொடையின் அல்லது கையின் வேர்ப்பகுதியில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே போடுங்கள். தொடையென்றால் காற்சட்டைப் பையில் கிடக்கும் திறப்பு, கைத்தொலைபேசி, தோட்டா எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துப் போடுங்கள். பட்டியை இழுத்து, முறுக்காமலே விரல் நுழையாதவாறு ஒட்டுங்கள். பிறகு கோலை முறுக்குங்கள்.

இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். குருதி நிற்பதற்கு முன்பே வலி தாங்க முடியாததாகிவிடும். வலிக்கிறதே, இது போதும் என்று நிறுத்திவிடுவார்கள். பாதி இறுக்கிய பட்டி சும்மா விடுவதைவிடக் கெடுதல். நாளத்தில் திரும்பும் குருதியை மட்டும் தடுத்து, நாடியில் வருவதை விட்டுவிடும். குருதி நிற்கும்வரை முறுக்குங்கள். நின்றதும் கோலைக் கொக்கியில் பூட்டுங்கள். நேரத்தைப் பேனாவால் தோலிலோ நெற்றியிலோ எழுதுங்கள். நிற்காவிட்டால் இரண்டாவது பட்டியை முதலாவதற்குச் சற்று மேலே போடுங்கள்.

அதன் பிறகு தளர்த்தக் கூடாது. அவ்வப்போது தளர்த்தினால் கால் பிழைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தனியே இருக்கிறவருக்கு அது உயிரை எடுக்கும் அறிவுரை. இரண்டு மணிநேரம் வரை பொதுவாக உறுப்புக்குக் கேடு வருவதில்லை. அதற்கு மேல் போனாலும் உயிரா காலா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இடுப்புப் பட்டியை இறுக்கிச் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். தோல் பட்டி போதிய அளவு இறுகாது. வேறு வழியே இல்லாவிட்டால் நான்கு விரல் அகலத் துணியும் முறிக்க முடியாத ஒரு குச்சியும் தேவை.

கவட்டி, அக்குள், கழுத்து: இங்கெல்லாம் பட்டி போட இடமில்லை. மருந்து பூசிய கோஸ் துணியைக் காயத்தின் அடிவரை, குருதி வரும் புள்ளி விரலுக்குத் தட்டுப்படும்வரை திணித்து, மேலும் திணித்து, குறைந்தது மூன்று நிமிடம் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். தன் உடம்பில் தானே இதைச் செய்வது கொடுமை. ஆனாலும் செய்யலாம். உடலில் குத்தி நிற்கும் அம்பையோ குச்சியையோ பிடுங்காதீர்கள்; அது உள்ளே அடைப்பாக நிற்கிறது. அசையாமல் சுற்றிக் கட்டுங்கள்.

குருதி நின்றதும், வேறு எதையும் செய்வதற்கு முன், செய்மதிக் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். வெட்கப்பட வேண்டாம். 'இந்தச் சின்னக் காயத்துக்கு ஹெலிகொப்டரா' என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும்.

இதையெல்லாம் வீட்டில் பழகுங்கள். வரவேற்பறையில் விளக்கை அணைத்து, குளிர்காலக் கையுறையோடு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடையில் பட்டி போட்டுப் பாருங்கள். அடுத்து இடது கையால் வலது மேற்கையில். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எனக்கு முதல் முறை நான்கு நிமிடமானது. என் மகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு 'அப்பா செத்துவிட்டார்' என்று அறிவித்தாள்.

பரண்

வட அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பெருங்காயம் படும் வழிகளில் பரணிலிருந்து விழுவது முன்வரிசையில் இருக்கிறது. பலர் மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாதுகாப்புப் பட்டியை மாட்டுகிறார்கள். விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும் அந்த ஒரு அடியிலும். நிலத்திலிருந்து பரணுக்கு மேல்வரை ஓடும் உயிர்க்கயிறு ஒன்றைக் கட்டி, தரையில் கால் இருக்கும்போதே அதில் உங்களைக் கொளுவுங்கள். துவக்கையும் வில்லையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். குண்டை நீக்கி, பின்னர் கயிற்றால் தூக்குங்கள்.

பட்டி காப்பாற்றியும் ஆபத்து முடியவில்லை. அந்தரத்தில் அசையாமல் தொங்கினால் கால்களில் குருதி தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரும். பட்டியோடு வரும் கால்வளையத்தை எடுத்துக் கீழே விட்டு, அதில் பாதத்தை ஊன்றி எழுந்து நில்லுங்கள். வளையம் இல்லாவிட்டால் மரத்தை உதைத்துக் கால்களை ஆட்டிக்கொண்டே இருங்கள்.

நிலத்தில் விழுந்துவிட்டால், துள்ளி எழ முயலாதீர்கள். படுத்தபடியே மூச்சை எடுங்கள். கைவிரல், கால்விரல் அசைகின்றனவா, மரத்துப் போயிருக்கிறதா, கழுத்தின் நடு எலும்பில் வலிக்கிறதா, மூச்சு முழுதாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மரத்துப் போயிருந்தாலோ நடு எலும்பில் வலித்தாலோ அவசரப் பொத்தானை அழுத்திவிட்டு அங்கேயே கிடங்கள். முதுகுக்கு அடியில் சருகையோ பையையோ எட்டிய அளவு தள்ளிக்கொள்ளுங்கள். காலில் மட்டும் முறிவு என்றால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். அது நல்ல தாங்கு கட்டு, கழற்றினால் வீக்கத்தில் திரும்பப் போடவும் முடியாது.

குளிர்

யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டி வளர்ந்தவர்கள் நாம். அதனால் மைனஸ் இருபது பாகையை நன்றாகவே மதிக்கிறோம். நம்மை ஏமாற்றுவது பூச்சியத்துக்கு மேலே ஐந்து பாகை, சிறு மழை, வியர்த்த பனியன். மான் வேட்டைக் காலத்தின் சராசரிச் சாயங்காலம் அது.

உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. தனியே இருக்கிறவருக்கு இதில் ஒரு கொடுமை உண்டு: முதலில் கெடுவது தீர்மானம் எடுக்கும் புத்தி. பக்கத்தில் இருப்பவர் 'ஏன் உளறுகிறாய்' என்று கேட்பார். உங்களுக்கு அவர் இல்லை. ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் கையுறையைக் கழற்றி, பெருவிரலால் சிறுவிரல் நுனியைத் தொடுங்கள். முடியாவிட்டால் விவாதிக்காமல் அன்றைய வேட்டையை முடித்துக்கொள்ளுங்கள். நடுக்கம் நல்ல அறிகுறி, உடல் போராடுகிறது. சூடாகாமலே நடுக்கம் நின்றுபோவதுதான் கெட்ட அறிகுறி.

காயப்பட்டுக் காத்திருக்கும்போது வரிசை இது. உடல் நிலத்தில் படாமல் பாருங்கள், அடியில் ஒரு முழ உயரத்துக்குச் சருகோ ஊசியிலைக் கிளையோ. ஈரப் பருத்தி உடுப்பைக் கழற்றிக் கம்பளியைப் போடுங்கள். பெரிய செம்மஞ்சள் குப்பைப் பைகள் இரண்டு எப்போதும் வைத்திருங்கள். ஒன்றில் கால்களை நுழைத்து, மற்றதில் முகத்துக்கு ஒரு துளை வெட்டித் தலைவழி மாட்டலாம். இனிப்பாக ஏதாவது தின்னுங்கள். மதுவைத் தொடாதீர்கள். தீ மூட்ட, வாஸ்லின் தோய்த்த பஞ்சு உருண்டைகள் ஈரத்திலும் பற்றும். லைற்றர் குளிரில் மக்கர் செய்யும், உட்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் ஒழுங்காகப் பற்றும். விரல் விறைத்து வெளிறினால் தேய்க்காதீர்கள், அக்குளில் வையுங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் உறைந்த பாதத்தைக் காட்டில் வைத்து இளக்கவே கூடாது.

சிறு தோணியில் போகிறவர்கள் 1-10-1 என்ற கணக்கை மனதில் வைக்கட்டும். மானிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. குளிர்நீரில் விழுந்தால் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணிநேரம். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணிநேரம் உங்களுக்கு உண்டு.

நெஞ்சு

இதை நம்மவர்களுக்காக அழுத்தி எழுதுகிறேன். தெற்காசியர்களுக்கு நீரிழிவும் மாரடைப்பும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. வாரம் முழுக்க மேசையில் இருந்த ஐம்பது வயதுக்காரர், விடிகாலைக் குளிரில், சாப்பிடாமல், எண்பது கிலோ கலைமானைச் சரிவில் மேல்நோக்கி இழுக்கிறார். சுட்ட பரபரப்பும் சேர்ந்திருக்கிறது. இதயத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனையை வைத்தியசாலையில்கூட வைக்க மாட்டார்கள்.

மார்பில் பாரம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிரில் வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு: இதில் ஒன்று வந்தாலும் கயிற்றை விடுங்கள், உட்காருங்கள், பொத்தானை அழுத்துங்கள். அஸ்பிரின் ஒவ்வாமை இல்லையென்றால், குருதி ஓடும் காயமும் இல்லையென்றால், 325 மில்லிகிராம் ஒன்றையோ 81 மில்லிகிராம் இரண்டையோ மென்று விழுங்குங்கள். சற்றுக் குறைந்ததும் திரும்ப இழுக்கத் தொடங்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் மாரடைப்பு வரலாம். மானை அங்கேயே விட்டு வந்தால் இறைச்சி கெடும். கெட்டுப் போகட்டும். நான் இப்போது மானை நான்காகப் பிரித்து, நான்கு நடையில் தூக்கி வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டியவர் எல்லோருக்கும் அதையே சொல்வேன். பருவம் தொடங்கும் முன் குடும்ப வைத்தியரிடம், எவ்வளவு எடையை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்பதைச் சொல்லியே ஆலோசனை கேளுங்கள்.

இன்சுலின் உறைந்தால் பயனற்றது, உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். சர்க்கரை அளவு பார்க்கும் கருவியும் குளிரில் சரியாக வேலை செய்யாது. இன்னொரு சிக்கல்: சர்க்கரை இறங்குவதும் உடல் விறைப்பதும் ஒரே மாதிரித் தெரியும். நடுக்கம், தடுமாற்றம், குழப்பம். எது என்று தெரியாவிட்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, உடனே எடுங்கள். இரண்டுக்கும் அது நல்லது.

கத்திக்குத் திரும்பினால்

மானைக் கீறும்போது தலைவிளக்குப் போடுங்கள், வெளிச்சம் இருந்தாலும். வெட்டு எப்போதும் உடம்பிலிருந்து விலகிப் போகட்டும். கத்தி சிக்கினால் இழுக்காதீர்கள். நிறுத்தி, கோணத்தை மாற்றுங்கள். மறுகையில் வெட்டு விழாத கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. கூரிய கத்தியே பாதுகாப்பான கத்தி. மழுங்கியதற்குத்தான் பலம் போட வேண்டும், பலம் போடும்போதுதான் வழுக்கும்.

சிறு வெட்டு விழுந்தால் அதில் மானின் குடற்சாறும் சேர்ந்திருக்கும். குடிநீர்ப் பையில் ஊசித்துளை இட்டு, பிதுக்கிப் பாய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லீற்றர்வரை செலவிடலாம். ஆழமான அழுக்குக் காயத்தைப் பசையால் ஒட்டி மூடாதீர்கள், சீழை உள்ளே பூட்டிவிடுவீர்கள். ஈரக் கோஸ் வைத்துக் கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு ஊசி பத்து வருடத்துக்குள் போட்டதா என்று இப்போதே பாருங்கள். அழுக்குக் காயமென்றால் ஐந்து வருடத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

வீடு திரும்பியதும்

சொன்ன நேரத்தில் அழையுங்கள். காரில் ஏறியவுடன், சமிக்ஞை கிடைக்கும் முதல் இடத்திலேயே. பயன்படுத்திய கட்டுத்துணியை அன்றிரவே மாற்றி வையுங்கள்.

பிறகு குளித்து, உடம்பு முழுதும் உண்ணி பாருங்கள்: அக்குள், கவட்டி, முழங்காலின் பின்புறம், காதுமடல், தலைமயிர். கருங்கால் உண்ணி நான்கு பாகை வெப்பத்திலேயே நடமாடும், நவம்பரிலும் இருக்கும். கண்டால் மெல்லிய முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். தீக்குச்சியும் வாஸ்லினும் வேண்டாம். எடுத்ததைச் சிறு குப்பியில் போட்டுத் தேதியை ஒட்டுங்கள். ஒரு நாளோ அதற்கு மேலோ கடித்திருந்தால் எழுபத்திரண்டு மணிநேரத்துக்குள் மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ போனால், லைம் நோயைத் தடுக்க ஒரே வேளை மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள். நாட்காட்டியில் முப்பது நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றி விரியும் சிவப்போ வந்தால், அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.